சத்தமில்லாத அழற்சிக்கு ஒரு ரத்தப் பரிசோதனை

முள் குத்திய இடம் சிவந்து, வீங்கி, சூடாகி வலித்தால் அது அழற்சி என்று சொல்ல லேப் தேவையில்லை. ஆனால் வலியோ காய்ச்சலோ இல்லாமல், ரத்தக் குழாய்ச் சுவரிலும் தொப்பைக் கொழுப்பிலும் ஆண்டுக்கணக்கில் நீறுபூத்த நெருப்பாகக் கிடக்கும் அழற்சியும் உண்டு. நலமாக நடமாடுபவரிடம் அதைக் கண்டுகொள்ளத்தான் ஹெச்.எஸ்.-சி.ஆர்.பி. பரிசோதனை.

1930-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் என்ற இருவர், நிமோனியா நோயாளிகளின் ரத்தநீரை அந்த நோயின் கிருமியிலிருந்து பிரித்த ‘சி’ என்ற பொருளோடு கலந்தார்கள். அடியில் வெண்படிவு இறங்கியது. குணமானவர்களின் ரத்தநீரில் இறங்கவில்லை. அப்படி அகப்பட்டதுதான் சி-ரியாக்டிவ் புரோட்டீன், சுருக்கமாக சி.ஆர்.பி. உடலில் எங்கே அழற்சி என்றாலும் செய்தி கல்லீரலுக்குப் போகிறது. சில மணி நேரத்தில் அது இந்தப் புரதத்தைச் சுரக்கத் தொடங்கிவிடுகிறது.

கடும் தொற்றில் சி.ஆர்.பி. லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டும். அதை அளக்கச் சாதாரணப் பரிசோதனையே போதும். ஆனால் ஒன்றுக்கும் மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் அதற்குப் பிடிபடாது. ஹெச்.எஸ். என்ற நுட்பமான முறையில், சி.ஆர்.பி.யைப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடி பூசிய, கண்ணுக்குத் தெரியாத லேட்டக்ஸ் மணிகளை ரத்தநீரில் கலக்கிறார்கள். புரதம் மணிகளை ஒன்றோடொன்று கோர்த்துவிட, கலவை கலங்குகிறது. அதனூடே ஒளியைப் பாய்ச்சி, கலங்கல் எவ்வளவு என்று கருவி கணக்கிடுகிறது. ரத்தக் குழாய் அழற்சி இதய நோய்க்கு வழிவகுக்கும் என்பதால், 1-க்குக் கீழ் என்றால் இதய நோய் ஆபத்து குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம் என்று 2003-ல் அமெரிக்க வல்லுநர்கள் வகுத்தார்கள்.

2008-ல் வெளியான ‘ஜூபிடர்’ ஆய்வு இந்தப் பரிசோதனைக்குப் பெரும்புகழ் தேடித்தந்தது. கெட்ட கொழுப்பு அதிகமில்லாத, ஆனால் சி.ஆர்.பி. 2 அல்லது அதற்கு மேல் இருந்த 17,802 பேரில் ஒரு பாதிக்கு ரோசுவாஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரை கொடுத்ததில், மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 44 சதவீதம் குறைந்தன. ஆனால் சி.ஆர்.பி. குறைவானவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. பலன் மருந்தால் வந்தது சரி. பரிசோதனையின் பங்கு எவ்வளவு என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

நம் லேப்களில் காலங்காலமாக எடுக்கும் இ.எஸ்.ஆர். என்ற அழற்சிப் பரிசோதனை இந்த வேலைக்கு உதவாது. ரத்தசோகை இருந்தாலே அது ஏறிவிடும். சி.ஆர்.பி.க்கும் ஒரு குறை உண்டு: எங்கே அழற்சி என்று அது சொல்லாது. ஈறு வீக்கம், புகைபிடித்தல், உடற்பருமன், போன வாரச் சளி என எதுவும் அதை உயர்த்தும். ஆகவே, முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜில் எல்லோருக்கும் இதைச் சேர்ப்பது வீண் செலவு என்பதே என் கருத்து. கொழுப்பு மாத்திரை தொடங்கலாமா என்று மருத்துவரே இரண்டு மனதாக இருக்கும்போது எடுத்தால் பயன் உண்டு.

சளி, காய்ச்சல் இருக்கும்போது இதை எடுக்காதீர்கள். 10-க்கு மேல் வந்தால் பதறாமல், இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.