கார் ஏ.சி.யின் சுவிட்ச் ஏன் சுடுகிறது?

மே மாதப் பகலில், வெயில் 40 டிகிரியைத் தாண்டும் வேளையில், குகட்பள்ளியிலிருந்து அமீர்பேட்டை வரை ஊர்ந்து சென்றவர்களுக்குக் கார் ஏ.சி.யின் அருமை நன்றாகத் தெரியும். அம்பாசிடர் உற்பத்தி 2014-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஆனாலும், "அப்பா வாங்கிய வண்டி" என்று அதைக் கண்ணும் கருத்துமாகக் காத்து வரும் அன்பர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்காகவே இக்கட்டுரை. கான்டெஸா, பிரீமியர் பத்மினி, பழைய மாருதி 800 வைத்திருப்போருக்கும் இது பயன்படும்.

ஏ.சி. போட்ட பத்தாவது நிமிடத்தில் ப்ளோயர் சுவிட்சின் குமிழ் சுடத் தொடங்கும். பிளாஸ்டிக் தீயும் வாடை வரும். காற்று குறையும், ஒரு நாள் அடியோடு நிற்கும். புது சுவிட்ச் போடுகிறோம். சில மாதங்களில் அதுவும் கருகுகிறது! காரணத்தைத் தேடிய பிறகே சிகிச்சை என்று வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வைத்தியருக்குச் சொன்னது, கார் எலக்ட்ரீஷியனுக்கும் பொருந்தும்.

வீட்டு மின்விசிறியின் சுவிட்ச் இப்படிச் சுடுவதில்லையே, ஏன்? கணக்கு எளிது. 144 வாட் எடுக்கும் ஒரு கருவி, வீட்டின் 230 வோல்ட்டில் சுமார் 0.6 ஆம்பியர்தான் இழுக்கும். காரின் 12 வோல்ட்டில் அதற்கு 12 ஆம்பியர் வேண்டும். பழைய வண்டிகள் பலவற்றில் இந்தக் கரண்ட் முழுவதும் சுவிட்சின் சிறு தகடுகள் வழியாகவே செல்கிறது. அத்தகடுகள் தேய்ந்தோ களிம்பு ஏறியோ ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை உண்டானால் போதும். அந்த இடத்தில் 14 வாட்டுக்கு மேல் வெப்பம் பிறக்கும். ரேடியோ பழுது பார்ப்பவரின் 25 வாட் சால்டரிங் அயர்னில் பாதிக்கு மேல் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

சூடு எங்கே தொடங்குகிறது என்பதைக் கவனித்தாலே பாதிக் காரணம் தெரிந்துவிடும். சுவிட்சின் பின்புறம் ஒரே ஒரு முனை மட்டும் பழுப்பேறியிருந்தால், அங்கு வயர் தளர்ந்திருக்கிறது. சுவிட்சின் உடல் மட்டும் சுட்டால், உள்ளே தகடுகள் தேய்ந்திருக்கின்றன. வயர் நெடுகச் சுட்டால், வயர் மெல்லியது அல்லது மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கிறது.

ப்ளோயரை முழு வேகத்தில் ஓடவிட்டு, சுவிட்சுக்குள் கரண்ட் நுழையும் முனைக்கும் வெளியேறும் முனைக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்து வோல்ட் பாருங்கள். கால் வோல்ட்டைத் தாண்டினால் சுவிட்சைச் சந்தேகிக்கலாம். கரண்டை அளக்க டி.சி. காட்டும் கிளாம்ப் மீட்டரே நல்லது. சாதாரண மல்டிமீட்டர்கள் பலவும் 10 ஆம்பியருக்கு மேல் தாங்கா.

மோட்டாரையும் மறக்கக் கூடாது. புஷ் வறண்டு போனாலும், காற்றாடிக் கூட்டில் சருகும் தூசியும் அடைத்தாலும் அது இறுக்கமாகச் சுற்றும். சுற்றும் வேகமே மோட்டாருக்குள் கரண்டுக்கு ஓர் எதிர்ப்பை உண்டாக்குகிறது. வேகம் குறைந்தால் எதிர்ப்பும் குறைந்து, கரண்ட் ஏறிவிடும். ஆகவே பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, காற்றாடியைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையின்றிச் சுற்ற வேண்டும்.

இனி நிரந்தர மருந்து. அதன் பெயர் ரிலே. பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாகத் தடித்த வயர் ஒன்றை ரிலேயின் 30-ஆம் முனைக்கும், 87-ஆம் முனையிலிருந்து மோட்டாரின் முழுவேக இணைப்புக்கும் கொடுக்க வேண்டும். சுவிட்சின் முழுவேக வயரை 86-க்கும், எர்த்தை 85-க்கும் கொடுக்க வேண்டும். சுவிட்சின் பழைய முழுவேக வயரை மோட்டாரிலிருந்து பிரித்துவிடுவது அவசியம். பிறகு முழு வேகத்தில் சுவிட்ச் சுமப்பது 0.2 ஆம்பியர் அளவுதான். பெரும் சுமையை ரிலே ஏற்றுக்கொள்ளும். குறைந்த வேகங்களுக்கு ரெசிஸ்டரே தொடரட்டும். ஆனால் அதை ப்ளோயர் காற்று படும் இடத்திலிருந்து மாற்றாதீர்கள். அந்தக் காற்றுதான் அதைக் குளிர்விக்கிறது.

முடிவாக ஓர் எச்சரிக்கை. ஃப்யூஸ் அடிக்கடி போகிறதே என்று 15 ஆம்பியர் இருந்த இடத்தில் 30 போடுவதும், சிகரெட் பெட்டியின் ஜிகினாத் தாளைச் சுற்றிவைப்பதும் நம் நாட்டில் சாதாரணம். ஃப்யூஸ் இருப்பது வயரைக் காக்க. அதைப் பெரிதாக்கினால், அடுத்து உருகப்போவது டாஷ்போர்டுக்குள் இருக்கும் வயர்தான். பின் இருக்கையில் உட்காருவதோ நம் குழந்தைகள்! தீயும் வாடை வந்தால், "வீடு போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று எண்ணாமல் ப்ளோயரை உடனே நிறுத்தி, வண்டியை ஓரங்கட்டுங்கள். கண்ணாடியை இறக்கிவிட்டு வியர்வையோடு வீடு சேர்வதில் குறைவொன்றும் இல்லை.