யாரை அனுப்புவது?

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி ஏற்காடு போய்ச் சேர்ந்தவர்கள் ஒண்டிக்கடையைப் பார்க்காமல் திரும்ப முடியாது. பெயர்தான் ஒண்டிக்கடை. இன்று அங்கே ஒண்டியாக நிற்கிற கடை என்று ஒன்றைக்கூடக் காட்ட முடியாது. மே மாதத்தில் கோடை விழா வந்துவிட்டாலோ சொல்லவே வேண்டாம். மலர்க் கண்காட்சி, நாய்க் கண்காட்சி, ஏரியில் படகுப் போட்டி, கொழு கொழு குழந்தைகள் போட்டி என்று மலையே திருவிழாக் கோலம் பூண்டுவிடும்.

இந்தப் போட்டிகளில் ஒரு வேடிக்கை உண்டு. படகுப் போட்டி முடிந்ததும் யாரும் சண்டைக்கு வருவதில்லை. முதலில் வந்த படகு எது என்பது கரையில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். தோற்றவர் துடுப்பைக் குறை சொல்லலாம். காற்றைக் குறை சொல்லலாம். தீர்ப்பைக் குறை சொல்ல இடமில்லை. கொழு கொழு குழந்தை விஷயம் அப்படியா? பரிசு பெற்ற குழந்தையின் தாயார் ஒருத்தியைத் தவிர மற்றத் தாய்மார் அனைவருக்கும் நடுவர்களின் கண்பார்வையைப் பற்றிச் சந்தேகம் வந்துவிடுகிறது. அது தாய்மாரின் குற்றமல்ல. குழந்தையை நிறுத்துப் பார்க்கலாம். ஆனால் தராசு மட்டும் முடிவு சொல்லிவிடுவதில்லையே!

உலகத்து விளையாட்டுகளும் இந்த இரண்டு ரகந்தான். ஏற்காட்டு மலையடிவாரச் சேலம் ஜில்லாவில், பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலு, 2016-ல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கப் பதக்கம் வாங்கினார். குறுக்கே வைத்த கம்பி அவரை "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்கவில்லை. கம்பி விழவில்லை, பதக்கம் கிடைத்தது.

ஐஸ் மீது சறுக்கிக்கொண்டே நடனமாடுகிறார்களே, 'ஃபிகர் ஸ்கேட்டிங்', அது மற்ற ரகம். ஆகாயத்தில் மூன்று சுற்றுச் சுற்றி, மெல்லிய இரும்புத் தகட்டின் மீது ஒற்றைக் காலில் வந்து இறங்க வேண்டும். சுற்று முழுதாக முடிந்ததா, இறங்கியது சுத்தமா என்பதற்கு ஒரு கணக்கு. சங்கீதத்தோடு உடல் இசைந்ததா, ஆட்டத்தில் ஜீவன் இருந்ததா என்பதற்கு வேறொரு கணக்கு. இரண்டையும் நடுவர்கள்தான் போடுகிறார்கள்.

போட்டியில் மதிப்பெண் போடுவதே இத்தனை சிரமம் என்றால், போட்டிக்கு யாரை அனுப்புவது என்று தீர்மானிப்பது அதைவிடப் பெரிய வம்பு. 2014 ஜனவரியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்ததைக் கேளுங்கள்.

ஸோச்சி ஒலிம்பிக்குக்கு அந்த நாட்டிலிருந்து மூன்று பெண்கள் போகலாம். தேசியப் போட்டியில் கிரேசி கோல்ட் முதல். 15 வயதுச் சிறுமி போலினா எட்மண்ட்ஸ் இரண்டாவது. மிராய் நகாசு மூன்றாவது. இரண்டு முறை கீழே விழுந்த ஆஷ்லி வாக்னர் நான்காவது. மூன்று இடம், மூன்று பேர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் தேர்வுக் குழு கோல்ட், எட்மண்ட்ஸ், வாக்னர் என்று பட்டியல் வெளியிட்டது! மூன்றாவதாக வந்த நகாசு வீட்டிலே. நான்காவதாக வந்த வாக்னர் விமானத்திலே.

அக்கிரமம் என்று சொல்வதற்கு முன் மறுபக்கத்தையும் பார்த்துவிட வேண்டும். அமெரிக்கச் சங்கத்தின் விதிப்படி தேசியப் போட்டி ஒன்று மட்டுமே அளவுகோல் அல்ல. முந்தைய ஓராண்டுச் சர்வதேசப் போட்டிகளையும் குழு பார்க்கலாம். வாக்னர் அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் தேசியச் சாம்பியன். இன்னொன்றும் உண்டு. எந்த நாட்டுக்கு எத்தனை இடம் என்பது முதல் ஆண்டு உலகப் போட்டியில் நிர்ணயமாகிறது. ஒரு நாட்டின் சிறந்த இருவர் பெற்ற இடங்களைக் கூட்டினால் 13-க்கு மேல் போகக் கூடாது. போகாவிட்டால் மூன்று இடம். 2013-ல் வாக்னர் ஐந்தாவது, கோல்ட் ஆறாவது. கூட்டினால் 11. ஆக, நகாசு கேட்ட அந்த மூன்றாவது நாற்காலியை நாட்டுக்குச் சம்பாதித்துக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் வாக்னர்தான்.

சம்பாதித்தவருக்கே நாற்காலி என்பது ஒரு நியாயம். இன்றைக்கு நன்றாக ஆடுகிறவருக்கே நாற்காலி என்பது இன்னொரு நியாயம். இரண்டும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் சண்டை வராமல் என்ன செய்யும்?

ஸோச்சியில் வாக்னர் ஏழாவதாக வந்தார். நான்கு வருஷம் கழித்து, 2018 தேசியப் போட்டியில் நகாசு இரண்டாவது, வாக்னர் மறுபடியும் நான்காவது. இந்தத் தடவை முதல் மூன்று பேரையே அனுப்பினார்கள். பியாங்சாங்கில் நகாசு 'டிரிபிள் ஆக்ஸல்' என்ற கடினமான தாவலைத் தாவி இறங்கினார். ஒலிம்பிக்கில் அதைச் செய்த முதல் அமெரிக்கப் பெண்மணி அவர்தான்.

இந்தக் குழு வழக்கத்துக்குப் பூர்வ கதையும் உண்டு. 1994-ல் டெட்ராய்ட் நகரில் தேசியப் போட்டிக்கு முன்பு நான்சி கெரிகன் என்ற வீராங்கனையை ஒரு முரடன் முழங்காலுக்கு அருகில் தடியால் அடித்துவிட்டான். அவர் போட்டியிலேயே கலந்துகொள்ள முடியவில்லை. இரண்டாவது இடம் பெற்றவள் 13 வயதுக் குழந்தை மிஷெல் குவான். ஆனாலும் கெரிகனையே அனுப்பினார்கள். அவர் வெள்ளிப் பதக்கத்தோடு திரும்பினார். அப்போது யாருக்கும் அது அநியாயமாகப் படவில்லை. அதே குவான் 2006-ல் காயத்தால் தேசியப் போட்டியை விட்டுவிட்டு, தம்மை அனுப்பும்படி மனுச் செய்தார். ஐந்து பேர் கொண்ட குழு வந்து, அவர் ஆடுவதைப் பார்த்துச் சம்மதித்தது. டூரின் போய் இறங்கியதும் வலி கண்டு விலகினார். எமிலி ஹியூஸ் என்ற பெண் அவசரமாக விமானம் ஏறிப் போய் ஏழாவதாக வந்தாள்.

'நமக்கு இதெல்லாம் எதற்கு? நம் ஊரில் ஐஸ் என்றால் சர்பத்தில் போடுவதுதானே!' என்று சிலர் கேட்கலாம். சிம்லாவில் 1920-லிருந்தே இயற்கைப் பனிக்கட்டியில் சறுக்கு மைதானம் இருக்கிறது. தாரா பிரசாத் என்ற பெண் இந்தியாவின் பெயரில் சர்வதேச அரங்குகளில் ஆடி வருகிறார். என்றாலும் 2022 பெய்ஜிங் வரையில் ஒலிம்பிக் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் இந்தியர் ஒருவர்கூட ஆடியதில்லை. ஆனால் நாற்காலிச் சண்டைக்கு ஐஸ் வேண்டியதில்லை. துப்பாக்கி சுடும் கூடத்தில் அது அமோகமாக நடக்கிறது.

துப்பாக்கி சுடுதலில் ஒரு வீராங்கனை ஒலிம்பிக் இடத்தை வென்றால், அது அவளுக்குச் சொந்தமல்ல, தேசத்துக்குச் சொந்தம். போபாலைச் சேர்ந்த சிங்கி யாதவ் எலக்ட்ரீஷியன் ஒருவரின் மகள். 2019 நவம்பரில் தோஹாவில் 25 மீட்டர் பிஸ்டல் பிரிவில் அவர் இந்தியாவுக்கு ஓர் இடம் வென்றார். 2021 மார்ச்சில் டில்லி உலகக் கோப்பையில் தங்கமும் வாங்கினார். அன்று அவருக்குப் பின்னால் நின்றவர்கள் ராஹி சர்னோபத்தும் மனு பாக்கரும். அடுத்த மாதம் டோக்கியோ பட்டியல் வந்தது. 25 மீட்டர் பிஸ்டலுக்கு ராஹி, மனு. சிங்கிக்கு இடம் இல்லை. அவர் மாற்று வீராங்கனை. அவர் வென்ற இடத்தை 10 மீட்டர் ரைஃபிளுக்கு மாற்றி இன்னொரு பெண்ணுக்குக் கொடுத்தார்கள்.

அந்த இன்னொரு பெண் யார்? நம் கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன்! அப்போது அவர் அந்தப் பிரிவில் உலகத் தர வரிசையில் முதலிடத்தில் இருந்தார். உலகத்திலேயே முதல்வரை வீட்டில் உட்கார வைத்துவிட்டு ஒலிம்பிக்குப் போகலாமா? போகக் கூடாதுதான். ஆனால் சிங்கியின் வீட்டில் அன்று என்ன பேசியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. தமிழ்ப் பெண்ணுக்கு இடம் கிடைத்ததில் நமக்கு மகிழ்ச்சி; அந்த மகிழ்ச்சி எவள் தட்டிலிருந்து எடுத்துப் பரிமாறியது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். டோக்கியோவில் இளவேனில் 16-வது. ராஹியும் மனுவும் 25 மீட்டரில் இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை. அதனால் தேர்வு தப்பு என்று ஆகிவிடாது. சிங்கி போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஸ்டாப் வாட்ச் ஓடுகிற ஓட்டப் பந்தயத்திலாவது வம்பு இல்லையா என்றால், அங்கேயும் அதே கதை, வேறு வேஷத்தில். 2019-ல் தோஹா உலகப் போட்டியில் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஓடும் 4×400 மீட்டர் தொடரோட்டத்தில் இந்தியா இறுதிச் சுற்றுக்குப் போய் டோக்கியோவில் இடம் பிடித்தது. அன்று ஓடிய பெண்கள் கேரளத்தின் விஸ்மயாவும் ஜிஸ்னா மாத்யூவும். டோக்கியோவுக்குப் போனவர்களோ மதுரை ரேவதி வீரமணி, திருச்சிப் பக்கத்துச் சுபா வெங்கடேசன், தனலட்சுமி சேகர் என்ற மூன்று தமிழ்ப் பெண்கள். 2021 ஜூலைத் தொடக்கத்தில் பாட்டியாலாவில் வைத்த தேர்வோட்டந்தான் இதைத் தீர்மானித்தது. ரேவதி 53.55 விநாடியில் ஓடி முடித்தார். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, பாட்டியின் கூலி உழைப்பில் வளர்ந்து, காலில் ஜோடு இல்லாமல் ஓடிப் பழகிய பெண் அவர். முன் வருஷத்துப் பெயரையும் புகழையும் பார்த்துக் குழு முடிவு செய்திருந்தால், ரேவதியின் பெயர் அந்தப் பட்டியலில் வந்திருக்குமா? எனக்குச் சந்தேகந்தான். ஜூலை 30-ந் தேதி டோக்கியோவில் முகமது அனஸ், ரேவதி, சுபா, ஆரோக்கிய ராஜீவ் நால்வரும் 3 நிமிஷம் 19.93 விநாடியில் ஓடினார்கள். தங்கள் சுற்றில் கடைசி. தனலட்சுமிக்கு ஓடும் வாய்ப்பே வரவில்லை.

எல்லாவற்றையும்விட நாட்டைக் கலக்கியது குத்துச் சண்டை விவகாரம். மேரி கோம் ஆறு முறை உலகச் சாம்பியன்; லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம்; குழந்தைகளுக்குத் தாயான பிறகும் வளையத்தில் இறங்கியவர். 2019 உலகப் போட்டிக்கு அவரையே தேர்வு இல்லாமல் அனுப்பினார்கள். அங்கே வெண்கலம் கிடைத்தது. சங்கம் முன்னதாகச் சொன்ன விதிப்படி, தங்கமோ வெள்ளியோ வென்றவர்களுக்கு மட்டுமே அடுத்த படிக்கு நேரடி அனுமதி. அப்படியிருந்தும் ஒலிம்பிக் தகுதிப் போட்டிக்கு மேரி கோமையே அனுப்பலாம் என்று சங்கத் தலைவர் பேசினார். நிஜாமாபாத்தைச் சேர்ந்த 23 வயது நிகத் ஜரீன் பேனாவை எடுத்தார். "எனக்கு ஒரு வாய்ப்பு" என்ற பொருளில் விளையாட்டுத் துறை மந்திரிக்கு எழுதிய கடிதத்தைப் பகிரங்கமாக வெளியிட்டார். மேரி கோமுக்குக் கோபம் வந்தது. நாட்டில் பாதிப் பேர் பெரியவர் பக்கம். மீதிப் பேர் சின்னவள் பக்கம்.

டிசம்பர் 28-ந் தேதி டில்லியில் இருவரும் மோதினார்கள். மேரி கோம் 9-1 என்று வென்றார். வென்றவர் கைகுலுக்காமலே போனதைப் பற்றி அந்த வாரம் முழுதும் பேச்சு.

நிகத் தோற்றாரே, கடிதம் எழுதியது வீண்தானே என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடிதம் எழுதாவிட்டால் அவர் வளையத்தில் தோற்றிருக்க மாட்டார், அறைக்குள்ளே தோற்றிருப்பார். இரண்டுக்கும் ரொம்ப வித்தியாசம் உண்டு. பெண் பார்த்துவிட்டு "ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்" என்று சொல்லிப் போகிறவர்களைப் பற்றி நம் வீட்டுப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். வேண்டாம் என்றால் ஏன் என்று கூடச் சொல்ல மாட்டார்கள். தேர்வுக் குழு அந்தச் சம்பந்தி வீட்டாரைப் போல நடந்துகொள்ளக் கூடாது. குழு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அடிபட்ட கெரிகனைக் காப்பாற்றியதும் ஒரு குழுதான். ஆனால் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்போம் என்பதைப் போட்டிக்கு முன்பே எழுதி ஒட்டிவிட வேண்டும். முடிவு வந்த பிறகு விதியைத் திருத்தக் கூடாது. 2019 அக்டோபரில் உண்டான மனக்கசப்புக்கெல்லாம் காரணம், எழுதிய விதி ஒன்று, பேசிய பேச்சு ஒன்று என்று ஆனதுதான்.

டோக்கியோவில் மேரி கோம் இரண்டாவது மோதலில் நூலிழையில் தோற்றார். நிகத் ஜரீன் 2022-ல் இஸ்தான்புல்லிலும் 2023-ல் டில்லியிலும் உலகச் சாம்பியன் ஆனார்.

துப்பாக்கிச் சங்கத்தார் 2024-ல் வேறொரு வழி பிடித்தார்கள். டில்லியிலும் போபாலிலும் நான்கு தேர்வுப் போட்டிகள். நான்கில் சிறந்த மூன்றின் சராசரி. இடம் வென்றவர், வெல்லாதவர் எல்லோரும் அதே வரிசையில் நின்று சுட்டார்கள். இளவேனிலுக்கு இந்தத் தடவை யாருடைய நாற்காலியையும் மாற்றித் தர வேண்டியிருக்கவில்லை. மதிப்பெண்ணே அவரைப் பாரிஸுக்கு அனுப்பியது. கூடப் போன ரமிதா இறுதிச் சுற்றில் ஏழாவது, இளவேனில் 10-வது. முந்தைய வருஷம் பாகு நகரில் அந்தப் பிரிவில் இந்தியாவுக்கு இடம் வென்று கொடுத்தவர் மெஹுலி கோஷ் என்ற வங்காளத்துப் பெண். சராசரியில் அவர் பின்தங்கிவிட்டார். அவர் பாரிஸ் போகவில்லை.