எழுந்து வர முடிகிறதா?

2020 ஜூன் மாதம் சீனாவின் ஜியான் ஸிஹாவோ ஓய்வு அறிவித்தபோது அவருக்கு வயது 23. 'லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்' என்ற கணினி கேமின் ரசிகர்களுக்கு அவர் 'உஸி'. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் காட்சிப் போட்டியாக நடந்த இ-ஸ்போர்ட்ஸில் தங்கம் வென்ற சீன அணியில் ஆடியவர். தீராத மன அழுத்தம், உடல் பருமன், வேளை தவறிய சாப்பாடு, இரவுக் கண்விழிப்பு எல்லாம் சேர்ந்து இரண்டாம் வகைச் சர்க்கரை நோயைக் கொண்டுவந்துவிட்டதாக அவரே தெரிவித்தார். கையும் ஓய்ந்துபோயிருந்தது.

அவரை கேமுக்கு அடிமை என்று சொல்லலாமா? ஆடிய நேரத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 முதல் 'கேமிங் கோளாறு' நடைமுறையில் இருக்கிறது. அதற்கு மூன்று அடையாளங்கள்: தொடங்கினால் நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளுதல், கேடு கண்ணெதிரே தெரிந்தும் தொடர்தல். இவை வழக்கமாக 12 மாதமாவது நீடித்து, படிப்பையோ வேலையையோ உறவுகளையோ குலைத்திருக்க வேண்டும். இத்தனை மணி நேரம் ஆடினால் நோய் என்ற கணக்கு அதில் கிடையாது.

ஆட்டத்தின் ஈர்ப்புக்கு மூளையில் ஒரு வேர் உண்டு. 1998இல் லண்டன் ஆய்வாளர்கள் எட்டு ஆண்களை டாங்கி ஓட்டும் கேம் ஆடவைத்து, பெட் ஸ்கேனில் மூளையைப் பார்த்தார்கள். ஆடும்போது டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் சுரந்தது. நன்றாக ஆடியவர்களிடம் கூடுதலாகச் சுரந்தது. பிடித்த சாப்பாட்டுக்கும் டோபமைன் சுரக்கும். ஆனால் பரிசு எப்போது வரும் என்று தெரியாதபோதுதான் 'இன்னும் ஒரே ஒரு ஆட்டம்' என்று மனம் கெஞ்சும். பல கேம்கள் அந்த நிச்சயமின்மையை வைத்தே கட்டப்படுகின்றன.

அடிமையாகாதவருக்கும் உடல் தேயும். அமெரிக்க, கனடா கல்லூரிகளின் இ-ஸ்போர்ட்ஸ் வீரர்கள் 65 பேரிடம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வில் 56 சதவீதம் பேருக்குக் கண் சோர்வு, 42 சதவீதம் பேருக்குக் கழுத்து அல்லது முதுகு வலி, 36 சதவீதம் பேருக்கு மணிக்கட்டு வலி. 40 சதவீதம் பேர் உடற்பயிற்சியே செய்வதில்லை. மருத்துவரிடம் போனவர்கள் வெறும் 2 சதவீதம்!

மாற்று வழி இருக்கிறது. டென்மார்க்கின் அஸ்ட்ராலிஸ் என்ற இ-ஸ்போர்ட்ஸ் அணிக்கு, முக்கியமான கட்டத்தில் தடுமாறும் அணி என்ற பெயர் இருந்தது. 2016இல் மியா ஸ்டெல்பெர்க் என்ற விளையாட்டு உளவியலாளரைச் சேர்த்துக்கொண்டார்கள். 2017 ஜனவரியில் அட்லாண்டாவில் கவுன்டர்-ஸ்ட்ரைக் கேமின் 'மேஜர்' கோப்பை அவர்கள் கையில் இருந்தது. அந்த வெற்றிக்குப் பல காரணங்கள் இருக்கலாம். மனத்துக்கும் பயிற்சி வேண்டும் என்று உணர்ந்தது பெரிய அடி.

வீட்டில் வைஃபையைப் பிடுங்குவதற்கு முன் பிள்ளையைக் கொஞ்சம் கவனியுங்கள். சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து வருகிறானா? இரவில் தூங்குகிறானா? நண்பர்களோடு வெளியே போகிறானா? வருகிறான், தூங்குகிறான், போகிறான் என்றால் அவன் ஆசையை மதியுங்கள். முதுகுக்கு நல்ல நாற்காலியும் மாலையில் ஓடியாட நேரமும் கொடுங்கள். வர நினைத்தும் முடியவில்லை என்றால் அவனுக்குத் தேவை சிகிச்சை. பெங்களூரு நிமான்ஸ் மருத்துவமனையில் 2014 முதலே இதற்கென்று தனிப் பிரிவு இயங்குகிறது. திட்டினால் அவன் கதவைச் சாத்திக்கொள்வான். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் பேசுவான்.