சர்வர் சொல்வதெல்லாம் நிஜமா? பொய் எச்சரிக்கையைக் கண்டுபிடிப்பது எப்படி?

கல்லூரி அட்மிஷன் நேரத்தில் வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ்னு விண்ணப்பங்கள் குவியும். அப்போது 'சர்வர் டவுன்' ஆனால் ஒரு மாணவருக்குக் கடைசி தேதியே தவறிப்போகலாம். அதனால்தான் சர்வர்களை 24 மணி நேரமும் கண்காணிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் அந்தக் கண்காணிப்பே சில சமயம் 'புலி வருது' கதையாகிவிடும். பொய் எச்சரிக்கை அடிக்கடி வந்தால், நிஜமான எச்சரிக்கையை யாரும் கண்டுக்க மாட்டாங்க.

எச்சரிக்கை எங்கிருந்து வருகிறது?

சர்வரின் மதர்போர்டில் 'பி.எம்.சி.' என்ற தனி சிப் இருக்கும். சர்வர் ஆஃப் ஆகியிருந்தாலும், மின் இணைப்பு இருந்தால் இது வேலை செய்யும். வெப்பம், ஃபேன் வேகம், மின்னழுத்தம், பவர் சப்ளை ஆகியவற்றை சென்சார்கள் மூலம் பார்த்து, குறித்த எல்லையைத் தாண்டினால் தகவல் அனுப்பும். சர்வருக்குள் நுழையும் காற்று 18 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள் இருப்பது நல்லது என்பது 'ஆஷ்ரே' அமைப்பின் பரிந்துரை.

பொய் எச்சரிக்கை ஏன் வருது?

* வேலை குறைவாக இருக்கும்போது ஃபேன் மெதுவாகச் சுற்றும். எல்லையைத் தவறாக வைத்திருந்தால், அதையே 'பழுது' எனக் காட்டும்.
* பாகத்தை மாற்றிய பிறகும், பழைய நிகழ்வுப் பதிவை அழிக்காவிட்டால் எச்சரிக்கை தொடரலாம்.
* பி.எம்.சி. மென்பொருள் தடுமாறினால் அளவு பூஜ்யம் என்றோ, நம்பவே முடியாத எண்ணாகவோ வரும்.
* கேட்ட தகவல் உரிய நேரத்தில் வராவிட்டால், கண்காணிப்பு மென்பொருள் அதையும் கோளாறாக எடுத்துக்கொள்ளும்.

எப்படிச் சரிபார்ப்பது?

1. பக்கத்து சென்சார்களைப் பாருங்கள். நிஜமாகவே சூடு ஏறினால் அவற்றிலும் தெரியும். ஃபேன் வேகமும் கூடும்.
2. நிகழ்வுப் பதிவில் நேரத்தைப் பாருங்கள். ஒரே ஒருமுறை வந்ததா, திரும்பத் திரும்ப வருதா?
3. நேரில் போய் ஃபேன், கேபிள், விளக்குகளைப் பாருங்கள்.
4. சந்தேகம் பி.எம்.சி. மேல் என்றால், அதை மட்டும் ரீஸ்டார்ட் செய்யலாம். பெரும்பாலும் சேவை நிற்காது. பிறகும் தொடர்ந்தால் ஃபர்ம்வேர் அப்டேட் தேவையா எனப் பார்க்க வேண்டும்.
5. கடைசியாகத்தான் எல்லையை மாற்ற வேண்டும். தொடர்ந்து மூன்று முறை அளவு தாண்டினால் மட்டும் எச்சரி என்று அமைக்கலாம்.

ஒன்று கவனம். இரண்டு பவர் சப்ளை உள்ள சர்வரில் ஒன்று போனாலும் சேவை ஓடும். 'ஓடுதே, அப்புறம் பார்க்கலாம்'னு விட்டால், அடுத்ததும் போகும்போது மொத்தமும் நின்றுவிடும். இது பொய் எச்சரிக்கை அல்ல. எந்த எச்சரிக்கையையும் சோதிக்காமல் அணைத்து வைக்கக் கூடாது.

நீங்க என்ன செய்யலாம்?

* போனில் பக்கம் திறக்கலைன்னா, முதலில் வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவுக்கு மாறிப் பாருங்க. பிரச்சினை உங்க இணைப்பிலும் இருக்கலாம்.
* பணம் பிடிக்கப்பட்டும் ரசீது வரலையா? உடனே மறுபடி கட்டாதீங்க. விண்ணப்ப எண், பரிவர்த்தனை எண்ணைக் குறித்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, முதலில் நிலையைச் சரிபாருங்க.
* கடைசி நாள் வரை காத்திருக்காமல், சில நாள் முன்பே விண்ணப்பிச்சிடுங்க.