புளிய மரத்தை உலுக்குவதற்கேற்ப வளர்த்தல்

மாசி பிறந்துவிட்டால் நம் காரைக்குடி, தேவகோட்டைப் பகுதிகளில் புளி உலுக்கும் காலம் தொடங்கிவிடுகிறது. சாலையோரங்களிலும் புறம்போக்கு நிலங்களிலும் உள்ள ஊராட்சிப் புளிய மரங்களின் பலன் ஏலம் விடப்படுகிறது. ஏலத்தொகை ஊராட்சியின் வருவாயில் சேருகிறது. ஆனால் ஏலம் கேட்க வருவோர் அண்மை ஆண்டுகளில் ஒரே குறையைத் திரும்பத் திரும்பக் கூறி வருகின்றனர். மரம் இருக்கிறது, காய் இருக்கிறது, ஏறுவதற்குத்தான் ஆள் இல்லை என்பதே அது. தந்தை ஏறிய மரத்தில் மகன் ஏற மறுக்கிறான். மறுப்பதில் தவறொன்றும் இல்லை. நாம் முன்னர்ப் பணியாற்றிய ஓர் ஊரில், புளிய மரத்தின் உச்சியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்த ஒருவர் இரண்டாண்டுக் காலம் எழுந்து நடமாட இயலாதிருந்ததை நேரில் கண்டிருக்கிறோம். ஆள் கிடைக்காத மரத்தை எவரும் நல்ல விலைக்குக் கேட்பதில்லை. உச்சியில் உள்ள பழம் வண்டு துளைத்து வீணாகிறது.

இந்நிலையில் ஊராட்சி உறுப்பினர் ஒருவர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். “வெளிநாடுகளில் எந்திரமே மரத்தைப் பிடித்து உலுக்குகிறதாமே, அதனை இங்கே வரவழைக்கலாகாதா?” என்பது அக்கேள்வி. வரவழைக்கலாம். ஆயினும் எந்திரம் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மரம் அதற்கேற்ப வளர்க்கப்பட்டிருக்க வேண்டும். இதனை விளக்கவே இக்கட்டுரை எழுதலாயிற்று.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சேக்ரமென்டோ பள்ளத்தாக்கில், பிளம் பழத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. கொடைக்கானல் சென்று வருவோர் வாங்கிவரும் பிளம் பழத்தின் இனத்தைச் சேர்ந்ததே அதுவும். ஆனால் அங்குள்ள பழம் பெரும்பாலும் உலர்த்தி விற்பதற்காகவே பயிராகிறது. அவ்வுலர் பழத் தோட்டங்களில் ஏறத்தாழ எல்லா அறுவடையும் எந்திரத்தாலேயே நடைபெறுகிறது. ஓர் ஊர்தியின் முன்னே நீண்டிருக்கும் கை, ரப்பர் மெத்தை பொருத்திய கவ்வியால் அடிமரத்தைப் பற்றிக்கொள்கிறது. உள்ளே சுழலும் எடைகள் சமநிலையின்றி அமைக்கப்பட்டிருப்பதால் மரம் முழுவதும் அதிர்கிறது. சில வினாடிகளில் பழங்கள் உதிர்ந்து, கீழே விரித்த சாய்வான திரையில் விழுகின்றன. அதே நாட்டில், பச்சையாக உண்பதற்கு விற்கும் பிளம் பழத்தை இன்றும் கையாலேயே பறிக்கின்றனர். அடிபட்ட பழத்தைக் கடையில் எவரும் வாங்கமாட்டார்கள் அல்லவா? நம் கொடைக்கானல் மலைச்சரிவுகளும் அத்தகைய பெரிய ஊர்திக்கு ஏற்றவை அல்ல.

ஆகவே உலுக்குவதற்கு ஏற்ற பழம் எது என்பதை முதலில் தெளிய வேண்டும். மாம்பழம் உதவாது. காம்பு முறிந்தால் பால் வடிந்து தோல் கருகும். கீழே விழுந்தால் கன்றிப் போகும். புளியோ ஓட்டுக்குள் இருக்கிறது. முற்றியதும் ஓடு சதையிலிருந்து விலகி, தட்டினால் கலகலவென ஒலிக்கும். அப்பருவத்தில் காம்பும் உலர்ந்திருப்பதால் சிறு அதிர்வுக்கே உதிரும். நம் முன்னோர் மரத்தின்மேல் நின்று கிளையைக் காலால் உலுக்கியது இதனை அறிந்தே. எந்திரம் செய்யப்போவதும் அதே வேலைதான்.

இனி மரத்தின் அமைப்பைப் பற்றிக் கூறுவோம். ஒரு கம்பின் ஒரு முனையை அசைத்தால் மறுமுனையும் உடனே அசையும். ஒரு கயிற்றை அவ்வாறு அசைத்தால் அசைவு பாதியிலேயே அடங்கிவிடும். மரக்கிளையும் இவ்வாறே. குட்டையாகவும் விறைப்பாகவும் மேல்நோக்கியும் செல்லும் கிளை அதிர்வை நுனிவரை கொண்டுசெல்கிறது. நீண்டு துவண்டு தொங்கும் கிளை அதிர்வை விழுங்கிவிடுகிறது. பழம் மரத்திலேயே தங்கிவிடும். கலிபோர்னிய உழவர்கள் கன்று நட்டவுடனே அதன் தலையைக் கிள்ளி, கவ்விக்கு இடம் இருக்கும்படி அடிமரத்தை ஏறக்குறைய 3 அடி உயரத்திற்குக் கிளையின்றி விட்டு, அதற்குமேல் 3 அல்லது 4 தாய்க்கிளைகளை மட்டும் வளரவிடுவது இதனால்தான்.

தாய்க்கிளைகளின் கவட்டையையும் கவனிக்க வேண்டும். இரு கிளைகள் நெருங்கி, வேல்முனைபோல் குறுகிப் பிரியுமிடத்தில் பட்டை உள்ளே அகப்பட்டுக்கொள்ளும். மரம் மரத்தோடு ஒட்டாது. உலுக்கும்போது அங்கேதான் பிளக்கும். புளியங்கொம்பைப் பிடித்தவன் விழமாட்டான் என்பது நம் ஊர்ப் பேச்சு. கொம்பு உறுதியானதே, கவட்டை குறுகினால் அக்கொம்பையும் நம்புவதற்கில்லை. விரிந்த கவட்டையுள்ள கிளைகளையே நிறுத்தி மற்றவற்றை விரலளவு தடிக்கும் முன்பே நீக்கிவிட வேண்டும்.

புதிதாக நடுவோர் விதைக்கன்றை விட்டு ஒட்டுக்கன்றையே நாட வேண்டும். விதைக்கன்று காய்ப்புக்கு வர 8 முதல் 10 ஆண்டுகள் செல்லும்; பின்னர் 60 அடி உயரத்திற்கும் ஓங்கிவிடும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் தெரிவான பி.கே.எம். 1 இரகத்தின் ஒட்டுக்கன்று நான்கைந்து ஆண்டுகளிலேயே காய்க்கத் தொடங்குகிறது. 10 மீட்டருக்கு 10 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 40 மரங்கள் கொள்ளும். நம் செம்பூரான் மண்ணில் குழியை 3 அடி நீள, அகல, ஆழத்திற்குக் குறையாமல் எடுப்பது அவசியம். கல் படிந்த இடத்தில் சோம்பிச் சிறு குழி எடுத்தால் கன்று பல ஆண்டுகள் நின்ற இடத்திலேயே நிற்கும்.

நட்ட கன்றை ஊன்றுகோலில் கட்டி, ஒட்டுக்குக் கீழே வரும் துளிர்களை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும். இதனை மறந்தால் ஒட்டு அழிந்து காட்டுப்புளியே மிஞ்சும். கன்று இடுப்பளவைத் தாண்டியதும், 3 அடிக்குக் கீழுள்ள பக்கக் கிளைகளைச் சிறிது சிறிதாக நீக்குக. ஒரே நாளில் நீக்கினால் தண்டு மெலிந்து காற்றில் சாயும். அதற்குமேல் நான்கு திசைக்கும் ஒன்றாக, ஒன்றுக்கொன்று அரையடி முதல் ஓரடி மேலும் கீழுமாக, நான்கு கிளைகளைத் தேர்ந்துகொள்க. மூன்றாம் நான்காம் ஆண்டுகளில் நடுக்குருத்து 12 அல்லது 15 அடியைத் தொடும்போது, வெளிநோக்கிய ஒரு கிளைக்கு மேலே அதனை வெட்டிவிடுக. பழம் பறித்த பின் பங்குனிக்கும் வைகாசிக்கும் இடையே வெட்டுவதே நன்று. புதுத் துளிரில்தான் பூ வரும். காலந்தாழ்ந்து வெட்டினால் அவ்வாண்டுக் காய்ப்பை நாமே வெட்டி எறிந்தவராவோம்.

இவ்வாறு வளர்ந்த மரத்திற்குக் கலிபோர்னியாவின் பெரிய ஊர்தி தேவையில்லை. நடுநிலக்கடல் நாடுகளில் ஆலிவ் பழம் உதிர்க்க, சிறு எஞ்சினும் நீண்ட தண்டும் முனையில் கொக்கியும் உடைய கருவியை ஓர் ஆளே சுமந்து உபயோகிக்கிறார். தரையில் நின்றவாறே ஒவ்வொரு தாய்க்கிளையிலும் கொக்கியை மாட்டி உலுக்கலாம். கொக்கி எட்டாத உயரத்திற்கு மரத்தை விட்டுவிட்டால் கருவியால் பயனில்லை. ஒருவர் தனியே வாங்குவதைவிட, உழவர் குழு ஒன்று வாங்கி முறைவைத்து வாடகைக்கு விடுவது சிக்கனம். உலுக்குமுன் தார்ப்பாய் விரித்தல் வேண்டும். ஓடு உடைந்த புளியில் செம்மண் ஒட்டினால் விலை பாதியாகும். செங்காயை உலுக்கவே கூடாது. அது எளிதில் விழாது. விழவைக்க முயன்றால் கிளைதான் முறியும்.

பழைய பெருமரங்களை என்ன செய்வது? 50 ஆண்டு நின்ற மரத்தின் தலையை வெட்டிக் குட்டையாக்க முயல்வது வீண். பெருங்காயத்தில் நீர் இறங்கி நடுமரம் உளுத்துவிடும். பட்ட கிளைகளை மட்டும் நீக்கி, ஏறுவோர்க்கு இடுப்புக் கச்சையும் கயிறும் தருக. ஏல நிபந்தனையில் ஊராட்சி ஒரு வரி சேர்ப்பதும் நலம்: கழியால் அடித்து உதிர்த்தல் கூடாது. அடிக்கும்போது நுனிக்கொம்புகள் ஒடிந்து மறு ஆண்டுப் பூ குறைகிறது. ஓராண்டுக்கு ஏலம் எடுத்தவருக்கு மறு ஆண்டைப் பற்றிக் கவலை இராது. ஊராட்சிக்கு இருந்தாக வேண்டும்.

கன்றுகளையும் கவாத்து முறையையும் பற்றிய ஐயங்களுக்குத் தோட்டக்கலைத் துறை அலுவலரையோ, குன்றக்குடி வேளாண்மை அறிவியல் நிலையத்தையோ அணுகலாம். ஐப்பசி மழைக்கு முன் குழி எடுத்து ஆறவிட வேண்டுமாகையால், கன்று வேண்டுவோர் ஆடி மாதத்திலேயே சொல்லிவைத்துக்கொள்வது நல்லது.