கிரேட் நிகோபார்: காட்டுக்கு என்ன விலை?

புது தில்லி: அந்தமான் - நிகோபார் தீவுக் கூட்டத்தின் தென்கோடியில் உள்ள கிரேட் நிகோபார் தீவில் துறைமுகம், விமான நிலையம், நகரியம், மின் நிலையம் ஆகியவற்றை அமைக்கும் திட்டம் குறித்த விவாதம், "வளர்ச்சியா, சுற்றுச்சூழலா" என்ற ஒரே கேள்வியைச் சுற்றியே நடைபெற்று வருகிறது. ஆளும் தரப்பு நாட்டின் பாதுகாப்பைப் பேசுகிறது. எதிர்க்கட்சிகள் காட்டையும் பழங்குடியினரையும் பேசுகின்றன. இதன் வரவு என்ன, செலவு என்ன, அச்செலவு யார் தலையில் விழுகிறது என்ற பொருளாதாரக் கேள்விகளுக்கு இரு தரப்பிலுமே போதிய இடம் கிடைக்கவில்லை.

நீதி ஆயோக் முன்மொழிந்த இத்திட்டத்துக்குத் தொடக்கத்தில் ரூ. 72,000 கோடி செலவாகும் என மதிப்பிடப்பட்டது. சுற்றுச்சூழல் அனுமதி 2022 நவம்பரில் வழங்கப்பட்டது. சுமார் 910 சதுர கி.மீ. பரப்புள்ள தீவில் 166 சதுர கி.மீ. இத்திட்டத்துக்குத் தேவைப்படுகிறது. அதில் 130.75 சதுர கி.மீ. வனப்பகுதி ஆகும். வெட்டப்படவுள்ள மரங்கள் 9.64 லட்சம் என்பது நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்த மதிப்பீடு. அதற்கு ஈடாக மரம் வளர்க்கத் தேர்வு செய்யப்பட்ட மாநிலம், கடலே இல்லாத ஹரியாணா.

காட்டுக்கு விலை நிர்ணயிக்கும் முறை நம் நாட்டில் இல்லாமல் இல்லை. உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் பொருளாதார அறிஞர் காஞ்சன் சோப்ரா தலைமையில் அமைக்கப்பட்ட குழு 2006-இல் அறிக்கை அளித்தது. மரம் மட்டுமன்றி, நீர்வளம், மண்வளம், கரியமில வாயுவை ஈர்க்கும் திறன் ஆகியவற்றையும் கணக்கில் கொண்டு காட்டின் "நிகர தற்கால மதிப்பை" கணிக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. இதன் தொடர்ச்சியாக ஹெக்டேருக்கு ரூ. 4.38 லட்சம் முதல் ரூ. 10.43 லட்சம் வரையிலான வீதங்களை 2008-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2022-இல் இவை சுமார் ஒன்றரை மடங்காக உயர்த்தப்பட்டன.

இந்த வீதங்களைக் கிரேட் நிகோபாருக்குப் பொருத்திப் பார்க்கலாம். 13,075 ஹெக்டேருக்கு 2008-ஆம் ஆண்டின் உச்ச வீதப்படி கணக்கிட்டால் ஏறத்தாழ ரூ. 1,364 கோடி வருகிறது. அதை ஒன்றரை மடங்காக்கினாலும் திட்டச் செலவில் சுமார் 3 சதவீதம்தான். சரணாலயங்களுக்கும் தேசியப் பூங்காக்களுக்கும் இதைவிடப் பல மடங்கு செலுத்த வேண்டும் என்பது விதி. ஆனால், பேராமைகள் முட்டையிடும் கலாத்தியா விரிகுடாவுக்கு இருந்த சரணாலயத் தகுதி 2021 ஜனவரியிலேயே விலக்கிக்கொள்ளப்பட்டுவிட்டது.

இங்குதான் விலைக்கும் மதிப்புக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகிறது. சாலைக்காக வெட்டப்பட்ட புளியமரத்துக்குப் பதில் வேறொன்றை நட்டு வளர்க்கலாம். ஆனால், பல்லாயிரம் ஆண்டுகளாக உருவான மழைக்காட்டை மீண்டும் உருவாக்க முடியாது. திருத்த முடியாத முடிவுகளை எடுப்பதில் காத்திருப்பதற்கே தனி மதிப்பு உண்டு என்பது பொருளாதாரம் கற்பிக்கும் பாடம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 229 பேரே உள்ள ஷோம்பென் பழங்குடியினரின் வாழிடத்துக்கு எந்த வீதமும் பொருந்தாது. நிகோபாரி பழங்குடி மன்றமும் தான் அளித்த தடையின்மைச் சான்றை 2022 நவம்பரில் திரும்பப் பெற்றது.

இனி வரவுப் பக்கம். கப்பல் மாற்றி அனுப்பப்படும் இந்தியச் சரக்குப் பெட்டகங்களில் பெரும்பகுதி கொழும்பு, சிங்கப்பூர், கிளாங் துறைமுகங்களில் கையாளப்படுகிறது. அவ்வருவாயை ஈர்க்க கலாத்தியாவில் முதல் கட்டமாக ஆண்டுக்கு 40 லட்சம், இறுதியாக 1.42 கோடி பெட்டகங்களைக் கையாளும் துறைமுகம் அமைப்பது அரசின் நோக்கம். சர்வதேசக் கப்பல் வழித்தடம் அருகிலேயே இருப்பது உண்மை. ஆனால், அருகில் செல்லும் கப்பல்கள் எல்லாம் நின்று செல்வதில்லை. சரக்கும் கட்டணமும் சேவையுமே அதைத் தீர்மானிக்கின்றன. இதே நோக்கத்துடன் வல்லார்பாடம் முனையம் 2011-லும், விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே மாதத்திலும் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன. அதே தொகையை இவற்றின் விரிவாக்கத்துக்கோ, சென்னை, தூத்துக்குடி துறைமுகங்களுக்கோ செலவிட்டால் கிடைக்கும் பலன் என்ன? கைவிடப்படும் அந்த வாய்ப்பும் திட்டச் செலவின் ஒரு பகுதியே.

மலாக்கா நீரிணையின் வாயிலில் உள்ள இத்தீவின் ராணுவ முக்கியத்துவத்தை யாரும் மறுக்கவில்லை. கேம்ப்பெல் விரிகுடாவில் கடற்படையின் "ஐ.என்.எஸ். பாஸ்" தளம் 2012 முதல் இயங்கி வருகிறது. ஆனால், பாதுகாப்புக்கான செலவைப் பாதுகாப்புக் கணக்கிலும், வணிகத்துக்கான செலவை வணிகக் கணக்கிலும் எழுதுவதே முறை. ஓடுதளத்துக்கான நியாயம், சுற்றுலா விடுதிகளுக்கும் குடியிருப்புகளுக்கும் தானாகவே நியாயமாகிவிடாது. 2004 சுனாமியின்போது தீவின் தென்முனையான இந்திரா முனை சுமார் 4 மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. அத்தகைய மண்ணில் பெருநகரம் அமைப்பதால் ஏற்படக்கூடிய பேரிடர்ச் செலவும் கணக்கில் இடம்பெற வேண்டும்.

தமிழக வாசகர்களுக்கு இது புதிதல்ல. 2005 ஜூலை 2-இல் மதுரையில் தொடங்கிவைக்கப்பட்ட ரூ. 2,427 கோடி சேதுசமுத்திரத் திட்டம் நினைவுக்கு வரலாம். மிச்சமாகும் பயண நேரத்தைவிடக் கால்வாய்க் கட்டணம் கப்பல்களுக்குச் சுமையாகிவிடக்கூடும் என ஜேக்கப் ஜான் என்ற ஆய்வாளர் 2007-இல் கணக்கிட்டுக் காட்டினார். ஆனால், ராமர் பாலம் குறித்த முழக்கங்களில் அக்கணக்கு எடுபடாமல் போயிற்று. பின்னர் பச்சௌரி குழுவும் திட்டம் பொருளாதார ரீதியில் சாதகமானதல்ல என்றே கூறியது. அதற்குள் பல நூறு கோடி ரூபாய் கடலில் கரைந்துவிட்டது.

அந்தமான் - நிகோபாருக்குச் சட்டப்பேரவை கிடையாது. மாநிலங்களவையில் இடமும் இல்லை. மக்களவையில் ஒரே ஓர் உறுப்பினர் மட்டுமே உள்ளார். எனவே, இத்திட்டத்தின் வரவு-செலவைத் தட்டிக் கேட்கக்கூடிய ஒரே சட்டமன்றம் நாடாளுமன்றம்தான். பாதுகாப்பு தொடர்பானவற்றை ரகசியமாக வைத்துக்கொண்டு, துறைமுகத்துக்கும் நகரியத்துக்குமான சரக்கு மதிப்பீடு, முதலீடு திரும்பும் காலம், அரசு ஏற்கும் பொறுப்பு ஆகியவற்றைத் தனித்தனியே இரு அவைகளிலும் தாக்கல் செய்வதில் தடையேதும் இருக்க முடியாது. வெட்டிய பிறகு கணக்குப் பார்ப்பதால் காடு திரும்ப வரப்போவதில்லை.