கண்ணில் படியும் சுண்ணாம்பு!

குழந்தைகளே! உங்கள் வீட்டில் வெந்நீர் போடும் பாத்திரத்தின் உட்புறத்தைக் கவனித்திருக்கிறீர்களா? உப்புத் தண்ணீர் வரும் ஊர் என்றால், அடியில் வெள்ளை வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும். தேய்த்தாலும் லேசில் போகாது. தண்ணீரில் கரைந்திருந்த கால்சியம், அதாவது சுண்ணாம்புச் சத்து, அங்கே படிந்துவிட்டது. அதுதான் அந்த வெள்ளை.

இதே கால்சியம் சிலருடைய கண்ணிலும் படியும் என்றால் நம்புவீர்களா? குழந்தைகளுக்கு அப்படிப் படிவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, மூட்டுகளைத் தாக்கும் ஒரு நோய்! முழங்காலுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்? வாருங்கள், பார்ப்போம்.

தாத்தா பாட்டிக்கு மட்டுமா?

மூட்டு வலி என்றதும் தாத்தாவும் பாட்டியும்தான் நம் நினைவுக்கு வருவார்கள். குழந்தைகளுக்கும் மூட்டு நோய் உண்டு. லண்டனில் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில் ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டில் என்ற இளம் மருத்துவர் இருந்தார். அவர் மூட்டு வீங்கிய 22 குழந்தைகளைப் பற்றி 1897-ல் ஒரு கட்டுரை எழுதினார். குழந்தைகளுக்கு வரும் மூட்டு நோய், பெரியவர்களுக்கு வருவதிலிருந்து பல விதங்களில் வேறுபட்டது என்று அதில் எடுத்துக் காட்டினார்.

இன்று இந்த நோயை 'ஜுவனைல் இடியோபதிக் ஆர்த்ரைட்டிஸ்' என்கிறார்கள். சுருக்கமாக ஜே.ஐ.ஏ. பதினாறு வயதுக்குள் தொடங்கி, ஆறு வாரமாவது நீடிக்கும் மூட்டு வீக்கம் இது. இங்கிலாந்தில் ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது.

நம் உடம்பில் நோய் எதிர்ப்புச் சக்தி என்று ஒன்று இருக்கிறது. கிருமி வந்தால் விரட்டுவது அதன் வேலை. வீட்டைக் காக்கும் நாய், சில நேரம் ஆள் தெரியாமல் வீட்டுக்காரரையே கடித்துவிடும் அல்லவா? அதுபோல இந்த நோயில், எதிர்ப்புச் சக்தி நம் மூட்டுகளையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. மூட்டு வீங்குகிறது. காலையில் எழுந்ததும் மடக்க முடியாமல் விறைத்துக்கொள்கிறது.

சத்தம் போடாத எதிரி

இப்போது ஒரு கண்ணாடி முன்னால் நின்று உங்கள் கண்ணைப் பாருங்கள். நடுவில் கறுப்புப் பொட்டு தெரிகிறதா? அது கண்பாப்பா. அதைச் சுற்றி இருக்கும் பழுப்பு வட்டம்தான் ஐரிஸ். இவற்றுக்கு முன்னால், கைக்கடிகாரத்தின் மேலிருக்கும் கண்ணாடி போல ஒரு மூடி உண்டு. அதன் பெயர் கார்னியா. நடுப்பகுதியில் அதன் கனம் சுமார் அரை மில்லிமீட்டர்தான். அதற்குள் ரத்தக் குழாயே கிடையாது. அதனால்தான் அது பளிங்கு போல இருக்கிறது.

ஜே.ஐ.ஏ. உள்ள 100 குழந்தைகளை எடுத்துக்கொண்டால், சுமார் 10 முதல் 20 பேருக்கு, எதிர்ப்புச் சக்தி கண்ணின் உட்புறத்தையும் தாக்குகிறது. ஐரிஸும் அதை ஒட்டிய பகுதிகளும் அழற்சி அடைகின்றன. இதை 'யுவியைடிஸ்' என்கிறார்கள். சிறு வயதிலேயே நோய் தொடங்கியவர்களுக்கும், ஒன்றிரண்டு மூட்டுகள் மட்டும் வீங்கியவர்களுக்கும் இது வரும் வாய்ப்பு அதிகம். பாதிக்கப்படுபவர்களில் சிறுமிகளே கூடுதல்.

இதில் பெரிய ஆபத்து என்ன தெரியுமா? 'மெட்ராஸ் ஐ' வந்தால் கண் சிவக்கும், உறுத்தும், நீர் வடியும். பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூடத் தெரிந்துவிடும். இந்த யுவியைடிஸ் அப்படிக் காட்டிக்கொடுக்காது. பெரும்பாலும் கண் சிவக்காது, வலிக்காது. குழந்தை ஓடி விளையாடும், படிக்கும். ஆனால் உள்ளே மாதக்கணக்கில் அழற்சி நடந்துகொண்டே இருக்கும்.

ஏன் பட்டையாகப் படிகிறது?

அழற்சி நெடுநாள் நீடித்தால், கார்னியாவின் மேற்பரப்புக்குக் கீழே கால்சியம் படியத் தொடங்குகிறது. நம் எலும்பிலும் பல்லிலும் இருக்கும் அதே வகைக் கால்சியம்தான்! கண்ணின் இரு ஓரங்களிலும் சாம்பல் நிறத்தில் தொடங்கி, மெல்ல மெல்ல நடுப்பகுதிக்கு வருகிறது. கடைசியில் இரண்டும் சேர்ந்து, கண்ணின் குறுக்கே ஒரு வெள்ளைப் பட்டை போல ஆகிவிடுகிறது. 'பேண்ட் கெரட்டோபதி' என்பது இதன் பெயர்.

சரி, ஏன் குறுக்கே மட்டும்? நாம் கண்ணைத் திறந்திருக்கும்போது, மேல் இமைக்கும் கீழ் இமைக்கும் இடையில் உள்ள பகுதியில்தான் காற்று படுகிறது. அங்கே கண்ணீர் ஆவியாகிறது. கரியமில வாயுவும் வெளியேறுகிறது. அதனால் அந்த இடத்தில் அமிலத்தன்மை குறைந்து, கால்சியம் கரைந்திருக்க முடியாமல் படிந்துவிடுகிறது. இமைகள் மூடிக் காக்கும் மேல் பகுதியும் கீழ் பகுதியும் தப்பித்துவிடுகின்றன.

பட்டை கண்பாப்பாவுக்கு நேராக வந்துவிட்டால் பார்வை மங்கும். பனி படர்ந்த ஜன்னல் வழியே பார்ப்பது போலத்தான்.

பால் குடிக்கலாமா?

"அப்படியென்றால் இனிமேல் எனக்குப் பால் வேண்டாம்" என்று அம்மாவிடம் சொல்லக் கிளம்பிவிடாதீர்கள்! பால், கேழ்வரகு, கீரை சாப்பிடுவதால் இந்த நோய் வருவதில்லை. இந்தக் குழந்தைகளின் ரத்தத்தில் கால்சியம் பொதுவாகச் சரியான அளவில்தான் இருக்கும். கண்ணில் படிவதற்குக் காரணம், அங்கே நீடிக்கும் அழற்சிதான். வளரும் வயதில் எலும்புக்குக் கால்சியம் கட்டாயம் வேண்டும்.

சாயத் தொட்டியிலிருந்து கண்ணுக்கு

படிந்த கால்சியத்தை எடுக்க முடியுமா? முடியும். அதற்குப் பின்னால் ஒரு சுவையான கதை இருக்கிறது. துணிக்குச் சாயம் போடும் தண்ணீரில் கால்சியம் இருந்தால் சாயம் சரியாகப் பிடிக்காது. இதற்கு வழி தேடிய ஃபெர்டினாண்ட் முன்ஸ் என்ற வேதியியலாளர், 1935-ல் ஜெர்மனியில் இ.டி.டி.ஏ. என்ற பொருளை உருவாக்கினார். நண்டு தன் கொடுக்கால் இரையைக் கவ்வுவது போல, இது கால்சியத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும்.

1952-ல் அமெரிக்கக் கண் மருத்துவர் மார்ட்டன் கிராண்ட், இதைக் கண்ணுக்குப் பயன்படுத்தலாம் என்று எழுதினார். இன்றும் அந்த முறை நடைமுறையில் இருக்கிறது. மரத்துப்போகும் மருந்து கொடுத்து, கார்னியாவின் மேல் தோலை மெல்ல நீக்குகிறார்கள். பிறகு இ.டி.டி.ஏ. வைத்துக் கால்சியத்தைக் கரைத்துத் துடைத்து எடுக்கிறார்கள். மேல் தோல் சில நாட்களில் தானாக வளர்ந்துவிடும். ஆனால், உள்ளே அழற்சி அடங்காவிட்டால் கால்சியம் மீண்டும் படியும். எனவே அழற்சியை முன்பே கண்டுபிடிப்பதுதான் நல்லது.

ஒளிக்கீற்றில் தெரியும் ரகசியம்

ஓட்டு வீட்டில் கூரை இடுக்கு வழியாக வெயில் விழும்போது, அந்தக் கீற்றில் தூசி பறப்பது தெரியும் அல்லவா? வலியே இல்லாத யுவியைடிஸையும் மருத்துவர்கள் இப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள். 'ஸ்லிட் லேம்ப்' என்ற கருவி மெல்லிய ஒளிக்கீற்றைக் கண்ணுக்குள் அனுப்பும். அழற்சி இருந்தால், கண்ணுக்குள் இருக்கும் நீரில் வெள்ளை அணுக்கள் தூசி போல மிதப்பது தெரியும். ஸ்வீடன் நாட்டின் ஆல்வார் குல்ஸ்ட்ராண்ட் இந்தக் கருவியை 1911-ல் அறிமுகப்படுத்தினார். கண்ணில் ஒளி வளையும் விதத்தை ஆராய்ந்ததற்காக, அதே ஆண்டில் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

ஆபத்து அதிகம் உள்ள ஜே.ஐ.ஏ. குழந்தைகளுக்கு, பார்வை நன்றாகத் தெரிந்தாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தப் பரிசோதனை தேவை. ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டால் சொட்டு மருந்து, மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகளால் கட்டுப்படுத்தலாம். அடலிமுமாப் என்ற ஊசி மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் நல்ல பலன் கிடைக்கிறது என்று இங்கிலாந்தில் நடந்த ஆய்வு 2017-ல் காட்டியது. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: சொட்டு மருந்தை நாமாகக் கடையில் வாங்கிப் போடக் கூடாது. ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை அளவில்லாமல் போட்டால் கண்புரையும் கண் அழுத்தமும் வரலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது

காலையில் எழுந்ததும் முழங்கால் விறைப்பாக இருக்கிறதா? அடிபடாமலே மூட்டு வீங்கி, வாரக்கணக்கில் குறையவில்லையா? உடனே அப்பா, அம்மாவிடம் சொல்லுங்கள். அடுத்த வீட்டுத் தம்பி, பாப்பாவுக்கு இப்படி இருந்தாலும் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

உங்கள் வகுப்பிலும் இப்படி ஒரு நண்பர் இருக்கலாம். காலைப் பிரார்த்தனையில் நிற்கச் சிரமப்படுவார், மதியம் நன்றாக ஓடுவார். "காலையில் நடிச்சியா?" என்று கேலி செய்யாதீர்கள். அந்த நோயின் குணமே அதுதான். இது தொற்றுநோயும் இல்லை. பக்கத்தில் உட்காரலாம், சேர்ந்து விளையாடலாம். முடிந்தால், "கண்ணை டாக்டர்கிட்ட காட்டினியா?" என்று மட்டும் ஒரு வார்த்தை கேளுங்கள். உங்கள் நண்பரின் பார்வையை அந்தக் கேள்வி காப்பாற்றலாம்!